பொன்னும் சூனியக்காரியும்: யப்பானியக் காட்சி நாவல் ஒன்றில் மர்மத்தின் சமூக அடிப்படை

துப்பறியும் கதையை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வதில் நம்மிடையே நெடுங்காலமாக ஒரு தயக்கம் இருந்து வந்துள்ளது. கணினி விளையாட்டு என்றால் அத்தயக்கம் இகழ்ச்சியாகவே மாறிவிடுகிறது. ஆயினும் வெகுசன வாசிப்பை ஒதுக்கிவைத்து இலக்கிய வரலாறு எழுத முடியாது என்பதைச் சிறையிலிருந்த கிராம்ஷி உணர்ந்திருந்தார். துப்பறியும் நாவலைப் பற்றியும் அவர் தமது குறிப்பேடுகளில் எழுதியுள்ளார். ஏர்ணெஸ்ற் மண்டேல் 1984 இல் குற்றக்கதையின் சமூக வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். தனியுடைமையும் அதன் பாதுகாப்பும் பற்றிய பூர்ஷ்வா சமூகத்தின் அச்சங்களை வேறெந்த வடிவத்தையும்விட வெளிப்படையாகப் பதிவு செய்திருப்பது குற்றக்கதை என்பதே இத்தகைய ஆய்வுகளின் அடிப்படை. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, அவ்வடிவம் அச்சிலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்தபின் தோன்றிய ஆக்கம் ஒன்றை. 'உமினெக்கோ நொ நாக்கு கொரொ நி' என்பது அதன் பெயர். 'கடற்பறவைகள் கத்தும் காலத்தில்' எனப் பொருள் கொள்ளலாம். உமினெக்கோ என்ற சொல் நேர்பொருளில் 'கடற்பூனை'. பூனையைப் போலக் கத்தும் ஒருவகைக் கடற்பறவைக்கு யப்பானியர் இட்ட பெயர் அது.

கதையின் முடிச்சை வெளியிடாமல் இவ்வாக்கத்தை ஆராய்தல் இயலாது. எனவே முடிச்சு அவிழ்க்கப்படும் என்பதை முன்கூட்டியே கூறிவிடுகின்றோம்.

முதலில் வடிவம் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். காட்சி நாவல் எனப்படுவது திரையில் எழுத்தாக ஓடும் கதை. பின்னணியில் ஓர் இடத்தின் படம், அதன்மேல் பாத்திரத்தின் உருவம், கூடவே இசை. வாசகர் ஒரு விசையை அழுத்தினால் அடுத்த வரி தோன்றும். இடையிடையே சில தெரிவுகள் தரப்படும். தெரிவுக்கேற்பக் கதை கிளை பிரியும். யப்பானில் இதன் தொடக்கங்களுள் ஒன்று, யூஜி ஹொரி 1983 இல் ஆக்கிய 'போர்ட்டோப்பியா தொடர்கொலை வழக்கு'. அதில் விளையாடுபவரே துப்பறிவாளர். அவர் தட்டெழுதும் கட்டளைகளை 'யாசு' என்னும் உதவியாளன் நிறைவேற்றுவான். இறுதியில் அந்த உதவியாளனே கொலைகாரன் எனத் தெரியவரும். யாசுவின் பெயர் யப்பானில் ஏறத்தாழ ஒரு பழமொழியாகவே மாறிவிட்டது. பின்னர் 1992 இலும் 1994 இலும் சுன்சொஃப்ற் நிறுவனம் 'ஒலி நாவல்' என்ற பெயரில் இரு ஆக்கங்களை வெளியிட்டது. அவற்றுள் இரண்டாவதை எழுதியவர் தொழில்முறைத் துப்பறியும் நாவலாசிரியரான தக்கெமாரு அபிக்கோ. ஆக, அச்சு நாவலுக்கும் இத்திரை வடிவத்துக்குமிடையே ஆள்களின் போக்குவரத்து தொடக்கத்திலேயே இருந்தது.

உமினெக்கோவை ஆக்கியவர் ரியூக்கிஷி 07 என்னும் புனைபெயர் கொண்டவர். முன்னர் அரச ஊழியராக இருந்தவர். அவரும் நண்பர் சிலரும் சேர்ந்த '07த் எக்ஸ்பான்ஷன்' என்ற சிறு வட்டம் எந்தப் பதிப்பகத்தையும் சாராமல் தம் ஆக்கங்களைத் தாமே இறுவட்டில் பதிந்து விற்றது. விற்ற இடம் கொமிக்கெற் எனப்படும் சுயவெளியீட்டுச் சந்தை. 1975 டிசம்பரில் 32 வட்டங்களுடன் தொடங்கிய அச்சந்தை, பின்னர் ஆண்டுக்கு இருமுறை இலட்சக்கணக்கானோர் கூடும் நிகழ்வாக வளர்ந்தது. உமினெக்கோவின் எட்டுப் பாகங்களும் 2007 ஓகஸ்ற் முதல் 2010 டிசம்பர் வரை அங்கேதான் ஒவ்வொன்றாக வெளிவந்தன. உருவங்களை ஆசிரியரே வரைந்தார். கைகள் சரியாக அமையாத, பயிற்சியற்ற ஓவியங்கள் அவை. பின்னணிகள் நிழற்படங்களைத் திரித்தமைக்கப்பட்டவை. இந்நிழற்படங்கள் பற்றிக் கடைசியில் சிலவற்றைக் கூறவேண்டியுள்ளது.

இவ்வுற்பத்தி முறை அழகியலோடு தொடர்பற்ற புறச்செய்தி அன்று. ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் வாசகர்கள் கொலைகாரன் யார் என்று தர்க்கம் புரிந்தனர். ஆசிரியர் அத்தர்க்கங்களை அறிந்துகொண்டே அடுத்த பாகத்தை எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பத்திரிகைத் தொடர்கதைக்கு இருந்த உயிர்ப்பு இங்கு மீண்டும் தோன்றுகிறது. இன்னொன்றையும் மனங்கொள்ளல் தகும். கிளை பிரியும் தெரிவுகளே இவ்வடிவத்தின் அடையாளம் என்றோம். உமினெக்கோவின் முதல் ஏழு பாகங்களில் அத்தகைய தெரிவு ஒன்றேனும் இல்லை. வாசகர் செய்யக்கூடியது சிந்திப்பது மட்டுமே. அப்படியாயின் இது விளையாட்டுத்தானா என்று கேட்போர்க்கு, சதுரங்கத்தில் காய் நகர்த்துவதைவிடச் சிந்திப்பதே விளையாட்டு என விடையிறுக்கலாம்.

கதைக்கு வருவோம். 1986 ஒக்ரோபர் 4, 5 ஆகிய இரு நாள்கள். இடம், ரொக்கென்ஜிமா என்ற கற்பனைத் தீவு. உஷிரோமியா என்னும் செல்வக் குடும்பத்தின் ஆண்டுக் கூட்டம் அங்கே நடைபெறுகிறது. புயல் தீவைத் துண்டித்துவிடுகிறது. தீவிலிருப்போர் 18 பேர். குடும்பத்தலைவர் கின்சோ, அவருடைய மக்கள் நால்வர், அவர்களுள் மூவரின் வாழ்க்கைத்துணைகள், பேரப்பிள்ளைகள் நால்வர், குடும்ப வைத்தியர், பணியாளர் ஐவர். கொலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன, அவற்றுட் பல உள்ளே பூட்டிய அறைகளில். அகாதா கிறிஸ்ரி 1939 இல் வெளியிட்ட தீவு நாவலின் வாய்ப்பாடு இது என்பதை எவரும் உடனே இனங்காண்பர்.

ஆனால் முதற்பாகம் முடிந்ததும் வாய்ப்பாடு உடைகிறது. பெயாத்ரிச்சே என்ற சூனியக்காரியே கொலைகளைச் செய்தாள் என்று கதை கூறுகிறது. தாந்தேயின் காதலியினுடைய பெயரை இத்தாலிய ஒலிப்பிலேயே தாங்கியவள் அவள். கின்சோவின் பேரன் பட்லர் இதனை ஏற்க மறுக்கிறான். காலமும் இடமும் கடந்த ஓர் அறையில் அவளும் அவனும் எதிரெதிரே அமர்கின்றனர். அதே இரு நாள்கள் வெவ்வேறு கொலைகளோடு மீளமீள நடத்திக்காட்டப்படுகின்றன. எல்லாம் மனிதர் செய்தவையே என்று அவன் நிறுவினால் வெற்றி அவனுக்கு. நிறுவ இயலாது சூனியத்தை ஏற்றுக்கொண்டால் வெற்றி அவளுக்கு. துப்பறியும் கதையும் மாயக்கதையும் ஒன்றோடொன்று கலப்பதோடு நில்லாமல், ஒரே நிகழ்வை விளக்கும் உரிமைக்காகப் போரிடுகின்றன. பல்வகை இலக்கிய வடிவங்களின் கலப்பு என இவ்வாக்கத்தைப் பலர் வியந்து பேசுவர். கலப்பு என்பதைவிட மோதல் என்பதே பொருந்தும் என்பது நமது கருத்து.

இம்மோதலுக்கு ஒரு கருவி தேவைப்படுகிறது. இரண்டாம் பாகத்தில் 'சிவப்பு உண்மை' அறிமுகமாகிறது. சிவப்பு எழுத்தில் தோன்றும் கூற்று சான்றின்றியே உண்மை. அறை பூட்டியிருந்தது, இன்னார் இறந்துவிட்டார் என்று சூனியக்காரி சிவப்பில் சொன்னால் அதை மறுக்க இயலாது. நமது நாட்டு வர்த்தமானி அறிவித்தலுக்குள்ள வலு அதற்கு உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நான்காம் பாகத்தில் வரும் 'நீல உண்மை' பட்லரின் ஊகங்களுக்குரியது. சிவப்பால் மறுக்கப்படாதவரை நீலம் நிற்கும். மரபான துப்பறியும் நாவலில் கதைசொல்லியின் சொல்லை நாம் நம்புவது ஒரு மௌன உடன்படிக்கை. உமினெக்கோ அவ்வுடன்படிக்கையை வெளியே இழுத்து நிறமூட்டிக் காட்டுகிறது. சிவப்பல்லாத எதுவும் பொய்யாக இருக்கலாம், நாம் கண்முன்னே 'கண்ட' காட்சியும்கூட. சூனியம் நிகழும் காட்சிகள் யாவும் எவரோ ஒருவர் சொல்லவிரும்பிய கதைகள் என்பது மெதுவாகத்தான் தெளிவாகிறது.

ஐந்தாம் பாகத்தில் றொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் பத்து விதிகள் பாத்திர வடிவெடுக்கின்றன. அப்பாத்திரத்தின் பெயர் 'டிலனோர்'. றொனால்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து வாசித்தால் கிடைப்பது அது. 1929 இல் நொக்ஸ் வகுத்த விதிகளுள் ஐந்தாவது, கதையில் சீனர் எவரும் வரலாகாது என்பது. மலிவான கதைகளின் இனவெறி வாய்ப்பாடுகளை நையாண்டி செய்யவே அதனை எழுதினார் என்று சமாதானம் கூறுவோர் உளர். எவ்வாறாயினும், உமினெக்கோவில் ஏனைய விதிகள் எண்ணிட்டு ஒலிக்க, ஐந்தாம் விதியின் இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டுள்ளது. பிரித்தானியப் பேரரசின் வரவேற்பறையில் பிறந்த ஒரு வடிவத்தை ஆசிய எழுத்தாளர் ஒருவர் கையேற்கும்போது எது கழிந்துபோகிறது என்பதற்கு இவ்வெற்றிடம் ஒரு சிறு சான்று.

வான் டைனின் விதியோ இதனினும் சுவையானது. அமெரிக்கரான அவர் 1928 இல் 20 விதிகளை வகுத்தார். பதினோராவது விதி, வேலையாளைக் கொலைகாரனாக்கக் கூடாது என்கிறது. அது மிக எளிதான தீர்வாகிவிடுமாம். கொலைகாரர் குறிப்பிடத்தக்க மதிப்புள்ளவராக இருத்தல் வேண்டுமாம். ஒரு வர்க்கத்தின் தன்மதிப்பு இலக்கிய இலக்கணமாக உறைந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரி வேறொன்று இராது. வேலையாளுக்குக் குற்றம் செய்யும் தகுதிகூட இல்லை! உமினெக்கோவின் ஏழாம் பாகத்தில் வான் டைனின் இயற்பெயரைத் தாங்கிய ஒரு பாத்திரம் விசாரணைக்கு வருகிறது. அங்கே வெளிப்படும் விடை, இவ்விதியின் மீதே வைக்கப்பட்ட வெடி எனலாம். கொலைகளைத் திட்டமிட்டவர், சூனியக்காரியைப் படைத்தவர், இவ்வீட்டில் வேலைசெய்த ஒரு பணியாள். பெயர் யாசு. 1983 இன் அந்த உதவியாளனுடைய பெயரே மீண்டும் வருவதைத் தற்செயல் எனக் கொள்ளல் கடினம்.

பணியாளர் பற்றி இவ்வாக்கம் கூறுவதே அதன் உயிர்நிலை என்பது எமது துணிபு. ஷனொன், கனொன் என்னும் இளம் பணியாளர் இருவர் தம்மை எப்போதும் 'தளபாடம்' என்றே குறிப்பிடுகின்றனர். தாம் மனிதர் அல்லர், ஆகவே காதலிக்கத் தகுதியற்றவர் என்பது அவர்களது நம்பிக்கை. கின்சோவின் ஆதரவில் இயங்கிய அனாதை இல்லத்திலிருந்து இவ்வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். மாயக்கதையின் தளத்தில் இச்சொல், சூனியக்காரி பூதங்களை ஏவல் பொருள்களாக வைத்திருப்பதைக் குறிக்கும். மனிதக்கதையின் தளத்தில் அது ஊழியரின் நிலை. மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் பண்ட வழிபாட்டை விளக்கப் புகுந்தபோது எடுத்துக்கொண்டது ஒரு மர மேசையை. பண்டமானவுடன் அம்மேசை உயிர்பெற்றதுபோல் ஆடத் தொடங்குவதை அவர் எள்ளலோடு வருணிப்பார். உமினெக்கோவில் அச்செயலின் மறுபக்கத்தைக் காண்கிறோம். தளபாடம் உயிர்பெறுவதற்காக மனிதர் தளபாடமாகின்றனர். ரியூக்கிஷி மார்க்ஸைப் படித்து இதை அமைத்தார் என்று நாம் வாதிடவில்லை. தன் காலத்தை நேர்மையாக நோக்கும் கலைஞன், கோட்பாட்டின் துணையின்றியே கோட்பாடு கண்ட இடத்துக்கு வந்துசேர்வதுண்டு.

இனிப் பொன். கின்சோ கிளைக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். 1923 ஆம் ஆண்டுக் கந்தோ நிலநடுக்கத்தில் தலைமைக் குடும்பம் அழிய, எதிர்பாராது தலைவராக்கப்பட்டவர். போருக்குப்பின் அவர் பெருஞ்செல்வரானார். அமெரிக்க ஆக்கிரமிப்புப் படையினரின் நட்பும் கொரியப் போர்க்காலக் கொள்வனவுகளும் அதற்கு உதவின. ஆனால் தொடக்க முதல் எங்கிருந்து வந்தது? பெயாத்ரிச்சே என்ற சூனியக்காரி 10 தொன் பொன்னைக் கடனாகத் தந்தாள் என்பது கின்சோவின் விடை. 1986 இன் விலையில் அது ஏறத்தாழ 2000 கோடி யென். மாளிகையின் மண்டபத்தில் சூனியக்காரியின் ஓவியம் தொங்குகிறது. அதன்கீழ் பொன் மறைந்துள்ள இடத்தைக் கூறும் விடுகதைச் செய்யுள்.

உண்மை ஏழாம் பாகத்தில் வெளிப்படுகிறது. போரின் இறுதிக்கட்டத்தில், முசோலினியின் சலோ குடியரசுக்குரிய பொன்னோடு இத்தாலிய நீர்மூழ்கி ஒன்று அத்தீவை அடைகிறது. அங்கிருந்த யப்பானியப் படையினருக்கும் இத்தாலியருக்கும் பொன்னுக்காக நிகழ்ந்த கொலைச்சண்டையில் பெரும்பாலும் அனைவரும் மடிகின்றனர். எஞ்சிய கின்சோ பொன்னையும், தப்பிய இத்தாலியப் பெண்ணொருத்தியையும் தனதாக்கிக்கொள்கிறார். பெயாத்ரிச்சே அவளுடைய பெயரே. அவள் மகப்பேற்றில் இறந்தபின் மகளுக்கும் அதே பெயரிட்டுக் காட்டு மாளிகையொன்றில் அடைத்துவைத்து வளர்க்கிறார். அம்மகளிடமே ஒரு குழந்தையும் பெறுகிறார். அக்குழந்தையே பின்னாளில் அனாதை இல்லத்தின் வழியாகப் பணியாளாகி அவ்வீட்டுக்குத் திரும்பும் யாசு. பாசிசத்தின் கருவூலம், கொலை, பெண்ணை உடைமையாக்கல் என்பனவே உஷிரோமியா மூலதனத்தின் ஆதித் திரட்டல். 'சூனியக்காரி தந்தாள்' என்ற கதை அதன்மேல் போர்த்த திரை. கருத்துநிலை என்று நாம் அருவமாகப் பேசும் ஒன்றை இவ்வளவு பருமையான கதையுருவில் காண்பது அரிது. சூனியக்காரி வெறும் பொய் அல்லள் என்பதையும் கவனித்தல் வேண்டும். அவள் பெயரால் அப்பெண்களின் நினைவு திரிந்த உருவிலேனும் தங்கிநிற்கிறது. கொள்ளையடித்தவரின் கட்டுக்கதையைக் கொள்ளையடிக்கப்பட்டவளின் வழித்தோன்றல் தன் முகமூடியாக அணிந்துகொள்கிறது.

1986 என்ற ஆண்டும் கருத்தின்றித் தெரியப்பட்டதன்று. 1985 செப்ரெம்பரில் பிளாசா உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. யென்னின் மதிப்பு விரைந்து ஏறியது. அதைத் தொடர்ந்த மலிவான கடன் நிலத்தையும் பங்குகளையும் ஊதிப் பெருக்கியது. 1987 இல் யப்பானிய அரசு உல்லாச விடுதிப் பிரதேசங்களை ஊக்குவிக்கத் தனிச் சட்டமே இயற்றியது. கின்சோவின் மூத்த மகன் கிரௌஸ் தீவை உல்லாசத் தலமாக்க விருந்தினர் இல்லம் கட்டி நட்டமடைந்திருக்கிறார். ஏவாவின் கணவருடைய நிறுவனப் பங்குகளை வெளியார் வாங்கிக் குவிக்கின்றனர். றூடொல்ப் அமெரிக்காவில் வழக்கொன்றில் சிக்கியுள்ளார். றோசா மற்றொருவரின் கடனுக்குப் பிணைநின்று அகப்பட்டிருக்கிறார். நால்வருக்கும் உடனடியாகக் காசு வேண்டும். தந்தை எப்போது இறப்பார் என்பதே குடும்பக் கூட்டத்தின் பேசப்படாத பொருள். தந்தையோ முன்னரே இறந்துவிட்டார்! சொத்தைப் பிரிக்க நேராதிருக்கும்பொருட்டு மூத்த மகனும் மருமகள் நட்சுஹியும் அதை மறைத்துவைத்துள்ளனர். தீவில் 18 பேர் என்றோம். உண்மையில் அவர்களுள் ஒருவர் தொடக்கத்திலிருந்தே பிணம். பிணத்தின் பெயரால் கட்டளைகள் பிறக்கின்றன. உயிருள்ளோர் அதற்குப் பணிகின்றனர்.

இவ்வளவையும் கண்ட ஆக்கம் இறுதியில் எங்கே சென்றடைகிறது? நமது கருத்து வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

பட்லரின் தங்கை எஞ்சே அன்று ஆறு வயதுச் சிறுமி. தீவுக்குச் செல்லாததால் தப்பியவள். 1998 இல் பதினெட்டு வயதினளாக, தன் குடும்பத்துக்கு நேர்ந்ததை அறியப் புறப்படுகிறாள். அந்நிகழ்வோ அதற்குள் பொதுமக்களின் பொழுதுபோக்காகிவிட்டது. கடலில் மிதந்து கிடைத்த கடிதங்களை வைத்து ஆளுக்கொரு கொலைகாரனைக் கண்டுபிடிக்கின்றனர். எட்டாம் பாகத்தில் இக்கூட்டத்தை ஆசிரியர் ஆட்டுத்தலை கொண்ட உருவங்களாக வரைகிறார். அவை வாய்க்கு வந்த ஊகங்களைச் சொல்லிச்சொல்லியே மாளிகையை விழுங்குகின்றன. பிறர் துயரைப் புதிராக்கி நுகரும் சந்தை மீதான கண்டனம் என்ற அளவில் இது நியாயமானதே. ஆனால் அதே கையால், தம் ஆக்கத்தை ஆறு மாதத்துக்கொருமுறை கருத்தோடு ஆராய்ந்த வாசகரையும் ஆசிரியர் அடித்துவிடுகிறார். சிந்திக்கும்படி அறைகூவியவர் சிந்தித்தோரைப் பழிப்பது முறையன்று. இப்பாகம் வெளிவந்தபோது வாசகர் பலர் சினங்கொண்டதற்குக் காரணம் இல்லாமலில்லை.

இறுதியில் ஒரு தெரிவு வருகிறது. எட்டுப் பாகங்களின் பின்னர் வாசகர் கையில் தரப்படும் உண்மையான தெரிவு அது. சிறு கைவித்தை ஒன்றைக் காட்டி, இது மாயமா தந்திரமா என்று எஞ்சேயிடம் கேட்கப்படுகிறது. தந்திரம் என்றால் அவள் எவரையும் நம்பாதவளாகி, படகில் தன்னுடன் வந்தோரைச் சுட்டுக் கொல்கிறாள். மாயம் என்றால் வாழத் தொடங்குகிறாள். சிறுவர்க்கான எழுத்தாளராகிறாள். முதுமையில் அந்த அனாதை இல்லத்தைப் புனரமைக்கிறாள்.

ஆறு வயதில் பெற்றோரை இழந்த ஒருத்திக்கு, உறவினருள் யார் கொலைகாரர் என்ற அறிவு எதைத் தரும்? உண்மை ஒருவரை நொருக்கிவிடக்கூடும் என்பதை ஆசிரியர் உணர்ந்திருக்கிறார். அவ்வுணர்வை நாம் இலேசாகத் தள்ளிவிடுதற்கில்லை. ஆனால் தெரிவு அமைக்கப்பட்டிருக்கும் விதம் நேர்மையானதன்று. உண்மையைத் தேடுவோர் கொலைகாரராவர், மாயையை ஏற்போர் கருணையுடையோராவர் என இரு வழிகளே காட்டப்படுகின்றன. உண்மையை அறிந்தபின் துயரைத் தாங்கிப் பிறரோடு வாழும் மூன்றாம் வழியை விளையாட்டு தரவில்லை. யார் கொன்றார் என்பதைத் தனிக்குடும்பத்தின் இரகசியமாக மூடிவைக்கலாம். பொன் எங்கிருந்து வந்தது என்பது குடும்ப இரகசியமா? நீர்மூழ்கியில் வந்து மடிந்தோரும் காட்டு மாளிகையில் அடைபட்ட பெண்ணும் எஞ்சேக்கு மட்டும் உரியவரல்லர். முதற்கேள்வியை மூடும் கருணையோடு இரண்டாம் கேள்வியும் சேர்ந்தே மூடப்பட்டுவிடுகிறது. அனாதை இல்லம் மீளத் திறக்கப்படுவது நெஞ்சைத் தொடும் காட்சிதான். ஆனால் 'தளபாடங்களை' வழங்கிய இல்லமும் அதுவேயன்றோ? செல்வத்தின் அறக்கொடை வட்டம் சுற்றித் தன் தொடக்கத்துக்கே வந்துசேர்வதை ஆசிரியர் கண்டதாகத் தெரியவில்லை.

இக்குறையோடு, நீட்சி என்னும் குறையும் உண்டு. ஒரே உணர்ச்சியைப் பல பக்கங்களுக்கு இழுத்துச் செல்லும் பழக்கம் சுயவெளியீட்டின் கட்டற்ற தன்மையால் வந்தது. செம்மையாக்குநர் ஒருவர் இருந்திருப்பின் மூன்றிலொரு பங்கு குறைந்திருக்கும். அவரே பணியாளர் பேச்சுகளையும் வெட்டியிருக்கவும் கூடும் என்பதால் இதை நாம் பெரிதுபடுத்தவில்லை.

நிழற்படங்களைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். உஷிரோமியா மாளிகையாகத் திரையில் தோன்றுவது ரோக்கியோவின் கித்தா பகுதியிலுள்ள பழைய புருக்காவா தோட்ட மாளிகை. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜொசையா கொண்டர் வரைந்த திட்டப்படி 1917 இல் கட்டிமுடிக்கப்பட்டது. உடைமையாளர் புருக்காவா முதலாளிக் குழுமத்தின் மூன்றாம் தலைவர். அக்குழுமத்தின் செல்வம் அஷியோ செப்புச் சுரங்கத்திலிருந்து வந்தது. சுரங்கக் கழிவு வத்தராசே ஆற்றில் கலந்து கீழேயிருந்த வயல்களை நஞ்சாக்கியது. 1901 இல் தனாக்கா ஷோசோ பேரரசரின் வண்டியை மறித்து மனுக் கொடுக்க முயன்றது அதற்காகவே. அரசு சுரங்கத்தை மூடவில்லை. வெள்ளத் தேக்கம் அமைப்பதற்கென யனாக்கா கிராமத்தை அழித்தது. எஞ்சிநின்ற குடும்பங்களின் வீடுகள் 1907 இல் பலவந்தமாக இடிக்கப்பட்டன. மாளிகை இன்று மாநகரப் பூங்கா. அதன் முன்னுள்ள சரிவில் கொண்டர் அமைத்த ரோசாத் தோட்டம் இருக்கிறது. முதற்பாகத்தில் சிறுமி மரியா மழையில் நின்று தன் வாடிய ரோசாவைத் தேடும் தோட்டம் அதுவே. உமினெக்கோவின் வாசகர்கள் அங்கு சென்று, திரையில் கண்ட அதே கோணத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.